பெட்ரோல் எஞ்சின் மாதிரி விமானங்களில் இக்னிஷன் இரைச்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளோ பிளக் எஞ்சினிலிருந்தோ மின்மோட்டாரிலிருந்தோ பெட்ரோல் எஞ்சினுக்கு மாறியவர்களுக்காக இதை எழுதுகிறேன். 20 சிசி முதல் 120 சிசி வரை, ஸ்பார்க் பிளக் வைத்து ஓடும் எஞ்சின்களைப் பற்றித்தான் பேச்சு. பிளக்கின் தீப்பொறி எழுப்பும் மின்காந்தத் தொல்லை, ரேடியோ சைகையை வாங்கும் ரிசீவரையும் சுக்கான், த்ராட்டில் போன்றவற்றை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்களையும் குழப்புவதைத்தான் இக்னிஷன் இரைச்சல் என்கிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இக்னிஷன் இரைச்சலை விமானம் தரையில் நிற்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். "ஒருமுறை பறக்கவிட்டுப் பார்ப்போம்" என்பதைச் சோதனை என்று சொல்லாதீர்கள். ஏழெட்டுக் கிலோ எடையும் முழு வேகத்தில் சுழலும் புரொப்பெல்லரும் கொண்ட ஒரு பொருள் கட்டுப்பாட்டை இழந்தால், அது யார் மீது விழும் என்று முடிவு செய்யும் வாய்ப்பு உங்களிடம் இருக்காது.

குளோ எஞ்சினில் இல்லாத தொல்லை பெட்ரோல் எஞ்சினில் மட்டும் ஏன்?

குளோ பிளக்கில் தீப்பொறி கிடையாது. பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள், மெத்தனால் ஆவி பட்டுத் தானாகவே கனன்றுகொண்டிருக்கும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் பேட்டரியைக் கழற்றிவிடுகிறோம். அதன்பின் எஞ்சினில் மின்சாரம் என்ற பேச்சே இல்லை. 1947இல் ரே ஆர்டன் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவரும்வரை மாதிரி விமான எஞ்சின்களிலும் காயில், கண்டென்சர், பிளக் எல்லாம் இருந்தன. பெட்ரோலுக்குப் போகும்போது அந்தப் பழைய ஏற்பாட்டுக்கே திரும்புகிறோம்.

பிளக்கின் இடைவெளியைத் தாண்ட பல ஆயிரம் வோல்ட் தேவை. அந்த அழுத்தம் மெதுவாக இறங்குவதில்லை; இடைவெளி உடையும் கணத்தில், நானோ நொடிக் கணக்கில் சரிகிறது. இவ்வளவு வேகமாக மாறும் மின்னோட்டம், தான் ஓடும் கம்பியை ஆன்டெனாவாக்கிவிடும். ஹென்ரிச் ஹெர்ட்ஸ் 1887இல் ரேடியோ அலைகளை உண்டாக்கியதே தீப்பொறி இடைவெளியைக் கொண்டுதான். அதாவது உலகின் முதல் டிரான்ஸ்மிட்டர் எந்த முறையில் வேலை செய்ததோ, அதே முறையில் ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டர் உங்கள் விமானத்தின் மூக்கில் இருக்கிறது. ஆன்டெனா கம்பிக் காலத்துத் தொலைக்காட்சியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல; தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனால் திரை முழுக்கப் புள்ளிகள் ஓடும். அந்த ஸ்கூட்டர் தெருவில் இருந்தது. உங்கள் எஞ்சினோ ரிசீவரிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

எஞ்சின் வேகம் கூடக் கூட சர்வோ நடுக்கமும் கூடுவது ஏன்?

ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் சுற்றுக்கு ஒரு தீப்பொறி. நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் நொடிக்கு 100 தீப்பொறி, அதாவது 10 மில்லி நொடிக்கு ஒன்று. வழக்கமான பழைய ரேடியோ ஏறத்தாழ 20 மில்லி நொடிக்கு ஒருமுறை எல்லாச் சேனல்களின் நிலையையும் ஒரு கோவையாக அனுப்பும். ஆகவே ஒவ்வொரு கோவையிலும் இரண்டு தீப்பொறிகள் குறுக்கே விழுகின்றன. ஐட்லிங்கில் 1800 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 30தான். பல கோவைகள் சேதமில்லாமல் தப்பிவிடும். அதனால்தான் ஐட்லிங்கில் மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று விமானத்தை எடுக்கக் கூடாது.

நான் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ வைத்திருக்கிறேன். இதெல்லாம் பழைய கதைதானே?

பாதி உண்மை. தீப்பொறியின் ஆற்றல் பெரும்பாலும் சில பத்து மெகாஹெர்ட்ஸ் முதல் சில நூறு மெகாஹெர்ட்ஸ் வரையில் கொட்டுகிறது. அமெரிக்காவில் விமானங்களுக்கு ஒதுக்கிய 72 மெகாஹெர்ட்ஸும் பிரிட்டனின் 35 மெகாஹெர்ட்ஸும் அந்தப் பகுதிக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தன. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அளவுக்கு மேலே போகும்போது இரைச்சல் மிகவும் மெலிந்துவிடும்; ரேடியோவும் அலைவரிசை தாவுதல், பிழை கண்டறிதல் என்று தற்காப்போடு வருகிறது.

ஆனால் தீப்பொறியால் உயர்ந்த அதிர்வெண்ணில் அலை எழுப்பவே முடியாது என்று நினைக்க வேண்டாம். ஜகதீஷ் சந்திர போஸ் 1890களில் கல்கத்தாவில் சில மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளை உண்டாக்கியது தீப்பொறியால்தான். எந்த அலைநீளத்தில் ஆற்றல் போகும் என்பதைத் தீப்பொறியைச் சுற்றியுள்ள உலோகத்தின் அளவும் வடிவமும் பெரிதும் முடிவு செய்கின்றன.

அதைவிட முக்கியமானது வேறொன்று. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் காலத்தில் இரைச்சல் ஆன்டெனா வழியாக வருவது குறைந்துவிட்டது. கம்பி வழியாக வருவது குறையவில்லை. ரிசீவரிலிருந்து சர்வோவுக்குப் போகும் சைகை பெரும்பாலும் 3.3 வோல்ட் துடிப்புதான். இறக்கைக்குள் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓடும் சர்வோ கம்பியில் இக்னிஷன் இரைச்சல் ஏறினால், ரிசீவர் எவ்வளவு சரியாகக் கேட்டிருந்தாலும் சர்வோ தவறாகத்தான் ஆடும். ரிசீவரின் பவர் கம்பியில் இரைச்சல் ஏறினால் ரிசீவரே தடுமாறும். பழைய ரேடியோ நடுங்கிக் காட்டி எச்சரித்தது. புதியது கடைசிவரை ஒழுங்காக இருப்பதுபோல் இருந்து ஒரேயடியாக விட்டுவிடக்கூடும். ஆகவே புதிய ரேடியோக்காரர்தான் சோதனையில் கூடுதல் கண்டிப்புடன் இருக்க வேண்டும்.

சர்வோ நடுங்குகிறது. இது இக்னிஷனால்தான் என்று எப்படி உறுதி செய்வது?

பலரும் சறுக்குவது இங்கேதான். நடுக்கம் கண்டதும் பிளக் வயரை மாற்றுவார்கள், பிறகு ரிசீவரை, பிறகு எஞ்சினையே மாற்றுவார்கள். சர்வோ நடுங்கக் குறைந்தது நான்கு காரணங்கள் உண்டு: தீப்பொறி இரைச்சல், எஞ்சின் அதிர்வு, ரிசீவர் பேட்டரி மின்னழுத்தம் சரிவது, உலோகத்தோடு உலோகம் உரசுவது. இவற்றைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி இருக்கிறது.

விமானத்தின் வாலை உறுதியாகக் கட்டி, உதவிக்கு ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடுக்கம் வரும் வேகத்துக்கு எஞ்சினைக் கொண்டுபோங்கள். இன்னொருவர் புரொப்பெல்லர் சுழலும் தளத்துக்கு வெகு பின்னால், வால் பக்கம் நின்று ஒரு சர்வோவை மட்டும் பார்க்கட்டும். இப்போது இக்னிஷனை அணையுங்கள். புரொப்பெல்லர் உடனே நிற்காது. ஒரு நொடியாவது தானாகச் சுழன்று அடங்கும். இக்னிஷனை அணைத்த அதே கணத்தில், புரொப்பெல்லர் இன்னும் சுழலும்போதே நடுக்கம் நின்றால் குற்றவாளி தீப்பொறி. புரொப்பெல்லரோடு சேர்ந்து படிப்படியாக அடங்கினால் அதிர்வையோ தளர்ந்த உலோகத்தையோ சந்தேகியுங்கள். இரண்டு மூன்று முறை செய்து, கைப்பேசியில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள், ஐயம் தீர்ந்துவிடும்.

பேட்டரி சரிவுக்கு அடையாளம் வேறு. பல சர்வோக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் அது தலைகாட்டும்; எஞ்சின் அணைந்திருந்தாலும் வரும். டிரான்ஸ்மிட்டரின் எல்லாக் குச்சிகளையும் வேகமாக ஆட்டிக்கொண்டே ரிசீவரின் மின்னழுத்தத்தை டெலிமெட்ரியில் (விமானத்திலிருந்து டிரான்ஸ்மிட்டருக்குத் திரும்பி வரும் அளவீடுகளில்) பாருங்கள். சில ரிசீவர்களில் மின்சாரம் ஒரு கணம் அறுந்து திரும்பினால் விளக்கு சிமிட்டிக் காட்டும். அந்தச் சிமிட்டலைக் கண்டால் இக்னிஷன் பக்கம் போகாதீர்கள்; ஸ்விட்ச், கனெக்டர், பேட்டரி ஆகியவற்றைப் பாருங்கள்.

தூரச் சோதனையை எப்படிச் செய்வது?

உங்கள் ரேடியோவின் கையேட்டில் உள்ள முறைதான் சட்டம். பொதுவாக 2.4 ஜிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர்களில் ஆற்றலைக் குறைக்கும் தூரச் சோதனை நிலை ஒன்று இருக்கும். அதில் 30 அடிவைப்பு தூரம் நடந்தும் கட்டுப்பாடு முழுமையாக இருக்க வேண்டும். பழைய 72 மெகாஹெர்ட்ஸ் பெட்டிகளில் டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவை உள்ளே தள்ளிவிட்டு நடந்து பார்ப்பது வழக்கம்.

இதை முதலில் எஞ்சின் ஓடாமல் செய்யுங்கள். கட்டுப்பாடு எந்த இடத்தில் விட்டுப்போகிறது என்று தரையில் ஒரு கல்லை வைத்துக் குறியுங்கள். பிறகு ஐட்லிங், நடு வேகம், முழு வேகம் என்று மூன்று நிலைகளிலும் திரும்பச் செய்யுங்கள். நடு வேகத்தைத் தவிர்த்துவிடாதீர்கள். சில விமானங்களில் குறிப்பிட்ட ஒரு வேகத்தில்தான் வயர் அதிர்ந்து பிளக் கேப்பின் தொடர்பு விடுகிறது. விமானத்தின் மூக்கு உங்களைப் பார்த்தபடி ஒருமுறை, வால் பார்த்தபடி ஒருமுறை, இறக்கை பார்த்தபடி ஒருமுறை. எஞ்சின் ஓடும்போது தூரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் நான் விமானத்தை எடுப்பதில்லை. இந்த அளவைத் தளர்த்தும்படி யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

முதலில் எங்கே தேடுவது?

பிளக் கேப்பில். இரண்டாவதும் பிளக் கேப்பில்தான்.

இன்று விற்பனையாகும் டிஎல்இ, டெசர்ட் ஏர்கிராஃப்ட், 3டபிள்யூ போன்ற எஞ்சின்களில் பேட்டரியால் இயங்கும் மின்னணு இக்னிஷன் வருகிறது. அதன் பெட்டியிலிருந்து பிளக் வரை போகும் வயருக்கு மேல் உலோகக் கம்பிப் பின்னல் ஓர் உறையாக இருக்கும். பிளக்கின் தலையில் ஏறும் கேப்பும் உலோகம்தான். கேப்பின் உள்விளிம்பில் ஒரு சுருள்வில் வளையம் பிளக்கின் ஆறுபட்டைப் பகுதியைக் கவ்விப் பிடிக்கும். உள்ளே போகும் மின்னோட்டம் பிளக்கைத் தாண்டி எஞ்சின் உடலுக்கு வந்து, அந்த வளையம் வழியாகப் பின்னலில் ஏறி, பெட்டிக்குத் திரும்புகிறது. போவதும் வருவதும் ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதால் வெளியே கசிவது மிகக் குறைவு.

இப்போது அந்த வளையம் தளர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கேப்புக்கும் பிளக்குக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. திரும்பும் மின்னோட்டத்துக்கு வழி கிடைக்காமல் அந்த இடத்தில் இன்னொரு தீப்பொறி தாவும். அது சிலிண்டருக்குள் அல்ல, வெட்ட வெளியில். பின்னல் முழுவதும் அந்தத் துடிப்போடு சேர்ந்து துடிக்கும். இரைச்சலை அடைக்க வைத்த உறையே அதைப் பரப்பும் ஆன்டெனாவாகிவிடும். எஞ்சின் அப்போதும் நன்றாகவே ஓடும். அதனால்தான் யாரும் அங்கே பார்ப்பதில்லை.

கேப்பை அழுத்தும்போது 'டக்' என்று உட்கார வேண்டும். கையால் சுற்றினால் இறுக்கம் தெரிய வேண்டும். வளையம் வளைந்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ புதியது போடுங்கள். எண்ணெய்ப் படலத்தைத் துடையுங்கள். கேப்பை எடுக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், இடுக்கியால் நெம்பாதீர்கள். நேராக, கேப்பின் உடலைப் பிடித்து மேலே எடுங்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் கரும் கோடு ஓடியிருந்தால் அந்தப் பிளக்கைத் தூக்கி எறியுங்கள். உயர் அழுத்தம் அதன் மேற்பரப்பில் வழி கண்டுவிட்டது என்று பொருள்.

பின்னல் உறை சரியாக இருக்கிறதா என்று எப்படி அளப்பது?

இக்னிஷன் பேட்டரியைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஒரு முனையைக் கேப்பின் வெளி உலோகத்திலும், மற்றதை இக்னிஷன் பெட்டியின் பக்கம் பின்னல் முடியும் இடத்திலும் வையுங்கள். மீட்டரின் சொந்த வயர் தடையைத் தவிர வேறெதுவும் காட்டக் கூடாது. இப்படியே பிடித்துக்கொண்டு வயரை அங்குலம் அங்குலமாக வளைத்துப் பாருங்கள். எண் தாவினால் பின்னல் உள்ளே அறுந்திருக்கிறது. பெரும்பாலும் கேப்புக்கு ஒரு விரல் தள்ளியும், வயர் ஃபயர்வாலை (எஞ்சின் பொருத்தியிருக்கும் முன்தடுப்பை) துளைத்துப் போகும் இடத்திலும்தான் அறும்; அதிர்வும் உராய்வும் சேரும் இடங்கள் அவை.

அறுந்த பின்னலை அலுமினியத் தாள் சுற்றிச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். அது அதிர்வில் கிழிந்து தளர்ந்து, இருந்ததைவிட மோசமான உரசலை உண்டாக்கும். வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல் குழாய் கிடைக்கிறது. அதை வயர் முழுவதும் ஏற்றி, கேப் பக்கம் சிறு கவ்வியாலும் பெட்டிப் பக்கம் பற்றவைத்தும் இணையுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டால் கௌலிங் (எஞ்சினை மூடும் மூக்கு மூடி) விளிம்பில் உரசாது. நாள்பட்ட வயர் என்றால் பெட்டியைத் தயாரிப்பாளரிடம் அனுப்பிப் புது வயர் போடச் சொல்வது இன்னும் நல்லது.

ரெசிஸ்டர் பிளக் போட்டால் போதுமா?

என்ஜிகே பிளக்கின் குறியீட்டில் 'ஆர்' எழுத்து இருந்தால் உள்ளே ஏறத்தாழ 5 கிலோ ஓம் தடை இருக்கிறது என்று பொருள், பிபிஎம்ஆர்7ஏ அப்படிப்பட்டது. மீட்டரை மேல் முனையிலும் நடுமின்முனையிலும் வைத்து அளந்து உறுதி செய்யலாம். தடை, மின்னோட்டம் பாயும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது, இரைச்சல் குறைகிறது. உறையில்லாத வயர் கொண்ட மேக்னெட்டோ எஞ்சினுக்கு (பேட்டரி இல்லாமல் சுழலும் காந்தத்தால் தீப்பொறி எழுப்பும் வகை) இது கட்டாயம்.

மின்னணு இக்னிஷனில் வழக்கமாக வரும் சிஎம்-6 பிளக்கில் தடை கிடையாது. அங்கே காப்பது உலோகப் பின்னல். தயாரிப்பாளர் எந்தப் பிளக்கைச் சொல்கிறாரோ அதையே போடுங்கள். பட்டையின் அளவோ உயரமோ மாறினால் கேப் சரியாக உட்காராது, குறைக்க நினைத்த இரைச்சல் கூடிவிடும். இடைவெளியையும் கவனியுங்கள். 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை வைப்பது வழக்கம். இடைவெளி அகன்றால் தாவுவதற்கு அதிக வோல்ட் தேவை. வயரின் காப்பும் கேப்பும் கூடுதல் அழுத்தம் தாங்க வேண்டும்.

மேக்னெட்டோ எஞ்சினுக்கு வேறு கவனம் உண்டா?

உண்டு. ஜெனோவா ஜி-26, ஜி-38, ஜி-62 போன்றவையும், புல்வெட்டி, மரமறுப்பு எஞ்சின்களிலிருந்து மாற்றியமைத்தவையும் ஃப்ளைவீலில் பதித்த காந்தத்தால் தீப்பொறி எழுப்புகின்றன. பேட்டரி வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் எஞ்சினை அணைக்க, காயிலின் முதல்நிலைச் சுற்றை எஞ்சின் உடலோடு சேர்க்கும் ஒரு வயர் வெளியே வரும். பலரும் இதைச் சாதாரண ஸ்விட்ச் வயராக எண்ணி உடலுக்குள் நீளமாக இழுத்து, ரிசீவர் ஸ்விட்சின் பக்கத்திலேயே பொருத்திவிடுகிறார்கள். எஞ்சின் ஓடும்போது அந்த வயரில் ஒவ்வொரு சுற்றுக்கும் நூற்றுக்கணக்கான வோல்ட் துடிப்பு எழுகிறது. அதைக் குட்டையாக வெட்டி, ஃபயர்வாலுக்கு முன்னாலேயே ஸ்விட்சை வைத்து முடித்துவிடுங்கள். மேக்னெட்டோ எஞ்சினில் தீராத மர்மமாகத் தெரியும் இரைச்சலில் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்தோடு போய்விடுகிறது.

விமானத்துக்குள் எதை எங்கே வைப்பது?

இக்னிஷன் பெட்டி, அதன் பேட்டரி, அதன் ஸ்விட்ச் மூன்றும் ஒரு குடும்பம். ரிசீவர், அதன் பேட்டரி, அதன் ஸ்விட்ச் இன்னொரு குடும்பம். இரண்டுக்கும் நடுவில் 30 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஸ்விட்சுகளை அழகுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். உடலின் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரு குடும்பத்து வயர்களையும் ஒரே கட்டாகச் சேர்த்துக் கட்டவே கூடாது. குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். இணையாக ஓடும் நீளம்தான் ஆபத்து.

ரிசீவர் ஆன்டெனா தனி விஷயம். 72 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அந்த நீளக் கம்பியைச் சுருட்டி வைப்பதோ வெட்டுவதோ கூடாது, நேராக வால் பக்கம் போக வேண்டும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் மூன்று சென்டிமீட்டர்தான். இரு ஆன்டெனாக்களும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில், கார்பன் ஃபைபரிலிருந்து தள்ளி நிற்கட்டும். கார்பன் மின்சாரம் கடத்தும், அலையை மறைக்கும். இதைப் பலர் மறந்துவிட்டு எஞ்சினைத் திட்டுகிறார்கள்.

த்ராட்டிலுக்கு உலோகக் கம்பி போடலாமா?

போடக் கூடாது. கார்புரேட்டர் கை, எஞ்சின் உடலோடு சேர்ந்தது. எஞ்சின் உடலில் தீப்பொறியின் திரும்பும் மின்னோட்டம் உலவிக்கொண்டிருக்கிறது. உலோகக் கம்பி அதை நேரே சர்வோ வரை கொண்டுவரும். சர்வோ வயர் அதை ரிசீவர் வரை கொண்டுபோகும். நைலான் புஷ்ராட், பிளாஸ்டிக் பந்து மூட்டு, பிளாஸ்டிக் சர்வோ கை ஆகியவை போதும். கார்பன் கம்பியும் இங்கே உலோகத்துக்குச் சமம். சோக் கம்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேடியோவிலிருந்தே எஞ்சினை அணைக்கும் கருவி பொருத்தலாமா?

பொருத்தியே ஆக வேண்டும் என்பேன். பாதுகாப்புக்கு அது பெரிய துணை. ஆனால் ஒளியிழை வழியாகப் பிரித்து வைக்கும் வகையை வாங்குங்கள். ரிசீவர் பக்கம் ஒரு விளக்கு, இக்னிஷன் பக்கம் ஒரு ஒளி உணரி, நடுவில் மின்சாரம் கடத்தாத ஓர் இழை. இரு குடும்பங்களுக்கும் இடையே செம்புக் கம்பி எதுவும் இல்லை. ரிசீவர் சைகை போனால் தானாக இக்னிஷனை அணைக்கும்படியும் பெரும்பாலானவற்றை அமைக்கலாம்.

எடையைக் குறைக்க ஒரே பேட்டரியில் இரண்டையும் ஓட்டலாமா?

வடிகட்டிச் சுற்றுள்ள ரெகுலேட்டர்களை வைத்து 2.4 ஜிகாஹெர்ட்ஸில் சிலர் அப்படி ஓட்டுகிறார்கள், வேலையும் செய்கிறது. என் ஆலோசனை வேறு. அந்த வடிகட்டி பழுதானால் இரைச்சல் நேரே ரிசீவரின் உயிர்நாடிக்குள் போகும்; பேட்டரி தீர்ந்தால் எஞ்சினும் கட்டுப்பாடும் ஒன்றாகப் போகும். இரு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 6.6 வோல்ட் தரும், எடையும் அதிகமில்லை. இக்னிஷன் பெட்டி எத்தனை வோல்ட் தாங்கும் என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு இணையுங்கள். பழைய பெட்டிகள் பல 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை.

ஃபெரைட் வளையம் உதவுமா?

நீளமான சர்வோ வயர்களில் உதவும். வயரை வளையத்துக்குள் மூன்று முதல் ஐந்து முறை சுற்றி, ரிசீவருக்கு அருகில் வையுங்கள். மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் இன்னும் நல்லது. ஆனால் தளர்ந்த பிளக் கேப்பை அப்படியே விட்டுவிட்டு வயருக்கு வயர் வளையம் மாட்டுவதில் பயனில்லை. ஊற்றை அடைத்த பிறகு மிச்சமிருக்கும் கசிவுக்குத்தான் இது.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் உண்டா?

வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால் அதுவே போதும். மீடியம் வேவில், எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து ஒலியைக் கூட்டுங்கள். விமானத்தைக் கட்டிப்போட்டு எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, புரொப்பெல்லருக்குப் பின்னால் மட்டும் நின்றபடி, உடலின் நீளத்துக்கு ரேடியோவை மெதுவாக நகர்த்துங்கள். 'டக் டக் டக்' என்ற வெடிப்பு எங்கே உரக்கக் கேட்கிறதோ அங்கே கசிவு. ரிசீவர் ஸ்விட்ச் அருகில் அது உரத்தால், வயர் வழியாக இரைச்சல் பின்னால் வந்திருக்கிறது. நல்ல நிலையில் உள்ள மின்னணு இக்னிஷனில், உடலின் நடுப்பகுதிக்கு வரும்போது சத்தம் ஏறக்குறைய மறைந்துவிட வேண்டும். புதிதாக எஞ்சின் பொருத்திய நாளிலேயே ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் ஒப்பிட அது உதவும்.

எஞ்சினை ஓட்டாமல் தீப்பொறியைப் பார்க்க விரும்பினால், பிளக்கைக் கழற்றிக் கேப்புக்குள் முழுமையாக மாட்டி, அதன் உடல் சிலிண்டரைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்த பின்புதான் சுற்ற வேண்டும். பிளக் இல்லாத கேப்போடு இக்னிஷனை இயக்கினால் பெட்டியே போய்விடலாம். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் அதைத் துணியால் அடைத்து, திறந்த வெளியில் செய்யுங்கள்.

பிசிஎம் ரிசீவர் போட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா?

தீரவில்லை, மறைந்திருக்கிறது. பிசிஎம் என்பது சேனல் நிலைகளை எண்களாக மாற்றி அனுப்பும் பழைய ரேடியோ முறை. அதன் ரிசீவர் சேதமான கோவையைத் தள்ளிவிட்டு, கடைசியாக வந்த நல்ல நிலையைப் பிடித்துக்கொள்ளும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரிசீவர்களும் இதைத்தான் செய்கின்றன. எத்தனை கோவைகள் தள்ளப்பட்டன என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டிய எண். கோவை இழப்பையும் ஆன்டெனாவாரியாக விட்டுப்போனதையும் எண்ணிக்காட்டும் வசதி உங்கள் ரேடியோவில் இருந்தால், எஞ்சின் ஓடாமல் ஒருமுறையும் முழு வேகத்தில் ஒருமுறையும் ஒரே அளவு நேரம் வைத்து அந்த எண்களை ஒப்பிடுங்கள். ஃபெயில்சேஃபில் (சைகை அறுந்தால் ரிசீவர் தானாக எடுக்கும் நிலையில்) த்ராட்டில் ஐட்லிங்குக்கோ அணைப்புக்கோ போகிறதா என்பதை, டிரான்ஸ்மிட்டரை அணைத்து நேரில் பாருங்கள்.

எஞ்சின் இடையிடையே வெடித்துத் துள்ளுகிறது. இதுவும் இரைச்சலா?

இருக்கலாம். புரொப்பெல்லர் மையத்தில் உள்ள காந்தத்தைப் பார்த்து நேரம் சொல்லும் ஹால் உணரியின் வயருக்குள் பிளக் வயரின் இரைச்சல் ஏறினால், இக்னிஷன் தவறான நேரத்தில் பொறி விடும். எஞ்சின் பின்னடிக்கும், கையைத் தாக்கும். உணரி வயரைப் பிளக் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் உடனே பிரியுங்கள். உணரியின் கனெக்டர் தளர்வையும் இக்னிஷன் பேட்டரியின் சார்ஜையும் அதற்கு முன் பாருங்கள். அவைதான் இன்னும் பொதுவான காரணங்கள்.

எல்லாம் செய்தும் இரைச்சல் போகவில்லை. அடுத்து?

ஒன்றை மாற்று, தூரச் சோதனை செய், எழுதிவை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். எது தீர்த்தது என்று தெரியாமல் போகும். வரிசையும் முக்கியம்: புதுப் பிளக், பிறகு இன்னொரு விமானத்தில் நன்றாக ஓடும் இக்னிஷன் பெட்டி, பிறகு ரிசீவரின் இடம், கடைசியாக ரிசீவர். இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிளக் வயர்களையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்று நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

72 மெகாஹெர்ட்ஸ் அல்லது 35 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ என்றால் உலோக உரசலையும் தேடுங்கள். உலோகக் கொம்பில் உலோகக் கிளெவிஸ் (புஷ்ராடைக் கொம்போடு இணைக்கும் கவ்வி), தளர்ந்த மஃப்ளர் திருகு, வால் சிறகைத் தாங்கும் கம்பிகளின் முனைகள். இவை தீப்பொறி இல்லாமலே இரைச்சல் உண்டாக்கும். அந்தப் பழைய ரேடியோவைப் புதிதாகக் கட்டும் பெட்ரோல் விமானத்தில் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. குளோ எஞ்சின் விமானத்துக்கு அதை ஒதுக்கிவிட்டு, இதற்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வாங்குங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை இவற்றைத் திரும்பப் பார்ப்பது?

கௌலிங்கைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பிளக் கேப்பையும் பின்னலையும் கையால் தொட்டுப் பாருங்கள். பிளக், பெட்டி, ரிசீவர், வயர் வழி ஆகியவற்றில் எதை மாற்றினாலும், கடினமாகத் தரையிறங்கிய பின்பும், எஞ்சினை ஓடவிட்டு மூன்று வேகங்களிலும் தூரச் சோதனையை முழுமையாகச் செய்யுங்கள். ஒவ்வொரு பறக்கும் நாளிலும் முதல் பறத்தலுக்கு முன் எஞ்சின் அணைந்த நிலையில் ஒன்று, முழு வேகத்தில் ஒன்று. உதவிக்கு ஆள் இல்லாத நாளில் எஞ்சினை ஓட்டிச் சோதிக்காதீர்கள். அன்று பறக்கவும் வேண்டாம்.